பாய்க்கு அடியில் ஒரு முன்வரிசைக்காரன்

பதினோரு வருடத்தில் சௌமனியின் பெயரை ஒரே ஒரு வர்ணனையாளர்கூடச் சரியாகச் சொன்னதில்லை. ஒருவர் சோமனி என்பார், இன்னொருவர் சாமினி என்பார். இங்கிலாந்தின் வடக்கே, சதா தூறிக்கொண்டே இருக்கும் ஓர் ஊரில் ஆடிய கடைசி இரண்டு வருடமும் அவனை சாம் என்று கூப்பிட்டே காரியத்தை முடித்துவிட்டார்கள். ஒரு முறை சட்டையின் முதுகில் ஒரு எழுத்தைக் கூடுதலாக அச்சடித்துக் கொடுத்தார்கள். மாற்றித் தரச் சொன்னதற்கு, "மைதானத்துல சேறா இருக்கு, யார் பாக்கப் போறா?" என்றான் உடுப்பு கொடுக்கிறவன். இதையெல்லாம் சௌமனி பொறுத்துக்கொண்டான். பொறுக்க முடியாமல் போனது ஊருக்குத் திரும்பிய பிறகுதான்.

சமோவாவின் சவாயித் தீவில் ஃபலேசினா என்பது நாற்பது வீட்டு ஊர். நாற்பது வீட்டிலும் ஒரே நகைச்சுவைதான். பதினைந்து பேர் ஆடுகிற ரக்பிதான் அவர்களுக்கு ரக்பி. சௌமனி ஆடியது பதிமூன்று பேர் ஆடுகிற லீக். "ஏம்ப்பா, மிச்ச ரெண்டு பேருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டு, தானே முதலில் கண்டுபிடித்த மாதிரி ஒவ்வொருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கடைக்குப் போனால் கேட்பார்கள். கோயில் வாசலில் கேட்பார்கள். பாதிரியார் கேட்டார். பல் பிடுங்க வந்த டாக்டர், இவன் வாயைத் திறந்து வைத்திருந்தபோது கேட்டார். பதில் சொல்லக்கூட வழியில்லை.

அப்பா லௌபோலா இன்னும் ஒரு படி மேலே. அவர் ஊரின் பேச்சாளர். தோளில் நார்ச் சாமரமும் கையில் கோலுமாக நின்று பத்துத் தலைமுறையை மூச்சு விடாமல் ஒப்பிப்பவர். மகனின் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு அவர் சிட்னிக்குத் தொலைபேசியில் கேட்ட ஒரே கேள்வி இதுதான்: "ஏன்டா, பந்தை வாங்கிக்கிட்டு நேரா அவனுங்க மேலயே போய் விழுறியே, பக்கத்துல அவ்ளோ எடம் கெடக்கே, அந்தப் பக்கமா போனா என்ன?"

"அதுதான்ப்பா என் வேலை. நான் முன்வரிசை."

"இதுக்கா ப்ளேன் ஏறிப் போன? இங்கயே தென்னை மரம் இருக்கே, அதுல போய் முட்டியிருக்கலாமே."

முட்டுவதற்குத்தான் சம்பளம். பதினேழு வயதில் ஆக்லாந்துக்குப் போனான். அத்தை வீட்டுக் கார் நிறுத்தும் கொட்டகையில் மூன்று வருடம் படுத்தான். பகலில் கோழி வெட்டும் தொழிற்சாலை, சாயங்காலம் கிளப் மைதானம். கையில் எப்போதும் கோழி நாற்றம். பந்தே நாறுகிறது என்று கூட ஆடியவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். இருபதில் சிட்னியின் மேற்கே ஒரு கிளப் இரண்டாம் அணிக்கு எடுத்தது. இருபத்திரண்டில் முதல் அணி. அதற்குப் பிறகு நூற்றுச் சொச்சம் ஆட்டம், மொத்தமே நாலு முறைதான் எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றிப் புள்ளி எடுத்திருக்கிறான். அதில் ஒன்று காலணி தடுக்கிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. ஒரு விளம்பரத்திலும் அவன் முகம் வந்ததில்லை. ரொட்டி விளம்பரம் ஒன்றில் தோள்பட்டை மட்டும் வந்தது. மூக்கு மூன்று முறை உடைந்தது. முட்டிகள் இரண்டும் மாவாட்டும் கல் மாதிரி சத்தம் போட ஆரம்பித்தன. யாருக்கும் நினைவிருக்காத, ஆனால் ஒரு நாளும் பயிற்சிக்குத் தாமதமாக வராத ஆட்டக்காரன் அவன். அவனைப் பற்றி யாராவது நல்லதாகச் சொல்ல வேண்டுமென்றால், "சுத்தமா ஆடுவான்" என்பார்கள். அந்த ஒரு வார்த்தை கேட்கும்போதெல்லாம் சௌமனி பேச்சை மாற்றிவிடுவான்.

ஏனென்றால் அது பொய். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு அரை நொடி பொய்.

இருபத்தாறு வயதில் நடந்தது. எதிரணியில் பந்தைப் பிரித்துக் கொடுக்கிற வேலையில் இருந்தவன் அலபாதி. ஃபலேசினாவுக்கு அடுத்த ஊரான மதௌதேலேக்காரன். ஒரே பள்ளிக்கூடம், ஒரே பஸ். மர இருக்கையில் இடம் போதாமல் இவன் மடியில் அவனும் அவன் மடியில் இவனுமாக மாறி மாறி உட்கார்ந்து போனவர்கள். சவாயியின் இரண்டு பையன்கள் சிட்னியில் நேருக்கு நேர் நின்ற முதல் ஆட்டம் அது. தீவு முழுக்க யார் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி உண்டோ அவர் வீட்டில்தான் ஊரே கிடந்தது. அலபாதி அன்றைக்கு இவனை மூன்று முறை ஏமாற்றிவிட்டுப் போனான். மூன்றாவது முறை திரும்பிப் பார்த்து நாக்கைத் துருத்தினான். பஸ்ஸில் துருத்துகிற அதே நாக்கு.

நாலாவது முறை அலபாதி பந்தோடு வந்தான். சௌமனி பாய்ந்தான். இடையில் அலபாதி பந்தைப் பக்கத்து ஆளுக்குக் கொடுத்துவிட்டான். கை காலியாகிவிட்டது. பந்து இல்லாதவனை இடிக்கக் கூடாது என்பது விதி. சௌமனி பார்த்தான். நிறுத்தலாம், தோளைத் திருப்பலாம், நேரம் இருந்தது. அவன் நிறுத்தவில்லை. அந்த நாக்குதான் கண்ணில் நின்றது. தோள் போய்க் கழுத்தோரம் இடித்தது. நடுவர் பந்தின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார், ஊதவில்லை. அலபாதி எழுந்திருக்கவும் இல்லை.

கழுத்தில் நரம்பு நசுங்கி இடது கையில் பிடி போயிற்று. ஆட்டம் அதோடு சரி. விசாரணைக் குழு முன்னால் சௌமனியை உட்காரவைத்தார்கள். கிளப் வக்கீல் ஒரு பலாங்கி, அதாவது வெள்ளைக்காரர், மெல்லிய குரல். "மன்னிப்பு மட்டும் கேட்டுவிடாதே, கேட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்" என்று வாசலிலேயே பாடம் எடுத்தார். வீடியோவில் நடுவில் ஒருவன் முதுகு மறைத்திருந்தது. "பந்து இன்னும் அவர் கையில் இருந்தது என்றே நினைத்தேன்" என்று சௌமனி சொன்னான். குழு நம்பியது. மறுநாள் தொலைக்காட்சியில் பழைய ஆட்டக்காரர் ஒருவர், பந்தை இத்தனை நேரம் வைத்துக்கொண்டிருந்தது அலபாதியின் தப்புதான் என்று விரலை ஆட்டி விளக்கினார்.

அவ்வளவுதான், ஊருக்கு அது போதும். தீவில் எந்தச் சாப்பாட்டில் யார் பாத்திரத்தைத் தன் பக்கமே வைத்துக்கொண்டிருந்தாலும், "அலபாதி மாதிரி புடிச்சுக்கிட்டே இருக்காத, இந்தப் பக்கம் தள்ளு" என்பது வழக்கமாகிவிட்டது. சாதாரணமாகச் சொல்வார்கள். அந்த அலபாதி இருபது நிமிட தூரத்தில், ஒரு கை தொங்க, சின்னக் கடை வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடகர் குழுவுக்கு வலது கையால் மட்டும் தாளம் காட்டிக்கொண்டு இருக்கிறான் என்பது அவர்களுக்கு ஞாபகமே இராது.

அப்பா அப்போதே இஃபோங்காவுக்குப் புறப்பட்டார். தீங்கு செய்த குடும்பம், தீங்கு பட்ட குடும்பத்தின் வாசலில் விடியலில் போய்த் தலைமேல் பாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்வது. அவர்கள் வந்து பாயை எடுத்தால் மன்னிப்பு உண்டு, எடுக்காவிட்டால் இல்லை. சௌமனி சிட்னியிலிருந்து கத்தினான்: "அப்பா, அது ஆட்டம்! நடுவர் இருந்தாரு! இருபதாயிரம் பேர் இருந்தாங்க! ஒருத்தனும் ஊதல! நீங்க போய் உக்காந்தா நான் தப்பு பண்ணேன்னு ஆயிடும்."

"தப்பு பண்ணாட்டியும் அடிபட்டது அவன்தானே?"

"போகாதீங்கப்பா. வக்கீல் சொல்லியிருக்காரு."

"வக்கீலுக்குத் தெரியுமா பாயப் பத்தி?" என்று முனகினாலும் அவர் போகவில்லை. ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதம் போயிற்று. பிறகு போவதற்கு வெட்கமாகிவிட்டது. வெட்கத்தை மறைக்க, சந்தையில் யார் கேட்டாலும், "அந்தப் பையன் பந்தை விட்டிருக்கணும்" என்று அவரும் சொல்ல ஆரம்பித்தார்.

சௌமனி முப்பத்து மூன்றில், மனைவி ரூத்தாவோடு ஊருக்கு வந்து சேர்ந்தான். சவாயியில் இருப்பது ஒரே ரோடு. தீவைச் சுற்றி வரும். படகுத்துறைக்குக் கிழக்காகப் போனால் ஒரு மணி நேரம். ஆனால் அந்த வழியில்தான் மதௌதேலே. அதனால் அவன் மேற்காக, தீவையே முழுதாகச் சுற்றிக்கொண்டு, மூன்று மணி நேரம் ஓட்டிப் போவான். இரண்டு வருடமாக இதே கூத்து.

ரூத்தா ஆக்லாந்தில் பிறந்து வளர்ந்த சமோவாக்காரி. சுற்றிவளைத்துப் பேசத் தெரியாதவள். "ஏப்பா, உனக்கு என்ன, டீசல் சும்மாவா ஊத்துறாங்க? அந்தப் பக்கம் பேய் இருக்கா?"

"இந்தப் பக்கம் கடல் நல்லா தெரியும்."

"எந்தப் பக்கம் போனாலும் கடல்தான் தெரியும். இது தீவு."

அவன் வண்டியின் ரேடியோவைச் சத்தமாக வைத்தான்.

இந்த வருடம் அப்பாவுக்கு வயசாகிவிட்டது என்று குடும்பம் கூடிப் பேசி, அவருடைய பேச்சாளர் பட்டத்தைச் சௌமனிக்குக் கொடுப்பதென்று முடிவெடுத்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு. தேங்காய்ப்பாலில் வெந்த சேப்ப இலையும் ஈரப்பலாவும் ஆவி பறக்க வந்து இறங்கின. எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். சௌமனியும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தான், கிழங்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சு வாக்கில் மறந்துவிட்டான். எதிரே இருந்த பெரியத்தை, "டேய், அலபாதி மாதிரி புடிச்சுக்கிட்டே இருக்காத, இந்தப் பக்கம் தள்ளு" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். சௌமனி தட்டைத் தள்ளினான். கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டான். அந்தப் பேச்சை அதற்கு முன்னால் நூறு முறை கேட்டிருக்கிறான். தன்னைப் பார்த்து யாரும் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் அப்பா சாமரத்தில் சிக்கெடுத்துக்கொண்டே ஆரம்பித்தார். "பட்டம் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை பாக்கி இருக்கு. மதௌதேலே. பாய்க்கு அடியில குனியாத தலையில பட்டத்த வெச்சா அது நிக்காது."

"ஒம்போது வருஷம் ஆச்சுப்பா."

"அதனாலதான் சொல்றேன். இன்னும் ஒரு வருஷம் போனா பத்து."

"நான் என்ன சொல்றது அங்க போய்?"

அப்பா அவனை ஒரு மாதிரி பார்த்தார். "நீ என்னத்த சொல்லப் போற? பாய்க்குள்ள இருக்கிறவன் வாயே தொறக்கக் கூடாது. பேசறதெல்லாம் நான் பேசிக்கிறேன்."

சௌமனிக்கு அந்த வார்த்தை பெரிய ஆறுதலாக இருந்தது. வெட்கமான விஷயம்தான், ஆனாலும் உண்மை. பாய்க்குள் முகம் தெரியாது. பேசவும் வேண்டாம். என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அப்பா மூதாதையரைப் பற்றி அரை மணி பேசுவார், அவர்கள் பாயை எடுப்பார்கள், கோக்கோ குடித்துவிட்டு வரலாம். அதற்குப் பிறகு படகுத்துறைக்குக் கிழக்காலேயே போகலாம். சரி என்றான். சரியென்று சொன்ன வேகத்தைப் பார்த்து ரூத்தா புருவத்தைத் தூக்கினாள்.

வியாழக்கிழமை, வானம் வெளுக்கத் தொடங்கும்போது, இரண்டு பிக்கப் வண்டிகளில் பதினொரு பேர் மதௌதேலேயில் இறங்கினார்கள். அப்பா பழைய முறைப்படியே செய்தாக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். விறகு, அடுப்புக் கல், வாழையிலை எல்லாம் கொண்டுவந்திருந்தார். எங்களைச் சுட்டுத் தின்ன வேண்டுமானாலும் தின்றுகொள்ளுங்கள் என்று அதற்கு அர்த்தம். "இந்த முட்டிய யாருப்பா தின்னுவா, ரப்பர் மாதிரி இருக்கும்" என்று ரூத்தா பின்னாலிருந்து முணுமுணுத்தாள். அப்பா திரும்பி முறைத்தார்.

பாய் அம்மாவின் கல்யாணத்துக்கு வந்தது. துணி மாதிரி மெல்லியது, ஓரத்தில் சிவப்பு இறகு. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு பெட்டிக்குள்ளேயே கிடந்ததால் நாப்தலின் உருண்டை நாற்றம் மூக்கைத் துளைத்தது. சௌமனி அலபாதி வீட்டு வாசல் கூழாங்கல்லில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். தலைமேல் பாய் விழுந்தது. உட்கார்ந்த ஐந்தாவது நிமிடமே இரண்டு முட்டியும் பேச ஆரம்பித்துவிட்டன.

சுவரில்லாத வீடு. ஓலைத் தட்டிகளைச் சுருட்டிக் கட்டியாயிற்று. உள்ளே எழுந்தார்கள், முகம் கழுவினார்கள், ஜெபம் செய்தார்கள், பாட்டுக்கூடப் பாடினார்கள். பாய் நெசவின் இடுக்கு வழியாகக் கால்கள் மட்டும் தெரிந்தன. கோக்கோ கொதிக்கிற வாசனை வந்தது. வாசலில் பதினொரு பேர் பாயும் விறகுமாக உட்கார்ந்திருக்கிறார்கள், உள்ளே நிதானமாக ரொட்டியில் வெண்ணெய் தடவுகிறார்கள். அதுதான் முறை. உடனே வந்து எடுத்துவிட்டால் மதிப்பில்லை. ஒரு பன்றி வந்து வாழையிலையைத் தின்றது. ஒரு நாய் சௌமனியை மோந்து பார்த்துவிட்டு அவன் முதுகில் சாய்ந்து படுத்துக்கொண்டது. பள்ளிக்கூட பஸ் வாசலில் வந்ததும் வேகத்தைக் குறைத்தது. உள்ளேயிருந்து யாரோ, "மிச்ச ரெண்டு பேர் எங்க?" என்று கத்தினார்கள். இங்கேயுமா என்று சௌமனி பல்லைக் கடித்தான்.

வெயில் ஏறி முதுகு வேகத் தொடங்கியபோதுதான் உள்ளேயிருந்து அலபாதியின் தாய்மாமன் வெளியே வந்து உட்கார்ந்தார். அவர்தான் அந்தக் குடும்பத்தின் தலைவர். அப்பா கோலை ஊன்றி எழுந்தார், சாமரத்தைத் தோளில் வீசினார், தொடங்கினார்.

அன்றைக்கு அவர் பேசிய பேச்சு நன்றாகத்தான் இருந்தது, மறுக்க முடியாது. முதல் படகு வந்த காற்று, திசை மாறிய திமிங்கலம், இரண்டு ஊருக்கும் நடுவில் பெண் கொடுத்துப் பெண் எடுத்த பாட்டன்மார், எல்லாரும் வந்தார்கள். முக்கால் மணி நேரம். மாமன் கண் கலங்கினார். கடைசியில், "இளரத்தத்தின் வேகத்தில் நேர்ந்துவிட்ட கஷ்டம்" என்று ஒரே வாக்கியத்தில் விஷயத்தைத் தொட்டுவிட்டு அப்பா தலை குனிந்தார். மாமன் எழுந்தார், பாயை எடுக்கக் கையை நீட்டினார்.

"மாமா, நில்லுங்க."

குரல் மாறவில்லை. பஸ்ஸில் கேட்ட அதே குரல். ஒரு ஜோடி கால்கள் வந்து பாய்க்கு முன்னால் நின்றன, பச்சை ரப்பர் செருப்பு.

"பெரியவரே, ரொம்ப அழகா பேசினீங்க" என்றான் அலபாதி. "படகு வந்துச்சு, திமிங்கலம் வந்துச்சு. பந்து எங்க?"

"எந்தப் பந்து?" என்றார் அப்பா.

"நான் பாஸ் பண்ண பந்து."

அப்பா செருமினார். "தம்பி, அதெல்லாம் இந்த எடத்துல பேசறது இல்ல."

"எந்த எடத்துல பேசறது? அதையும் சொல்லிடுங்க, அங்க வரேன்."

மாமனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அலபாதி, பெரியவங்க நடத்துற காரியத்துல மூக்க நுழைக்காத. பாய எடுத்துட்டா முடிஞ்சுது."

"என்ன முடிஞ்சுது மாமா? அவன் என்ன பண்ணான்னே சொல்லல, நான் மன்னிச்சாச்சுன்னா, எத மன்னிச்சேன்னு ஊர்ல சொல்லுவீங்க? நான் பந்தைப் புடிச்சுக்கிட்டு நின்ன தப்ப நானே மன்னிச்சேன்னா? நேத்துகூட என் கடையில, என் முன்னாடியே, ஒருத்தி தன் புள்ளகிட்ட சொல்றா, 'அலபாதி மாதிரி நிக்காத, காசக் குடு'ன்னு. அப்புறம் என்னைப் பாத்து நாக்கக் கடிச்சுக்கறா. மாமா, எனக்குக் கை போனதுகூடப் பழகிடுச்சு."

"அவன் வாயத் தொறக்கக் கூடாது" என்றார் அப்பா. "முறையில்ல."

"முறையில்லதான்" என்றார் மாமன். எதிரெதிரே நின்ற இரண்டு கிழவர்களும் இதில் ஒரே கட்சியாகிவிட்டார்கள். பாதிக்கப்பட்டவன் இப்படியெல்லாம் கேள்வி கேட்டால் ஊர் ஒழுங்கு என்னாவது என்று மாறி மாறித் தலையாட்டினார்கள்.

"சரி, முறைப்படியே நடக்கட்டும்" என்றான் அலபாதி. "எடுக்கறதும் எடுக்காததும் எங்க இஷ்டம்தானே? நான் எடுக்கல." செருப்புக் கால்கள் மடங்கின. அவன் பாய்க்கு எதிரிலேயே கூழாங்கல்லில் உட்கார்ந்துகொண்டான்.

பாய்க்குள் சௌமனிக்கு வியர்வை கண்ணில் இறங்கியது. எரிச்சலாக வந்தது. எல்லார் மேலும் வந்தது. அப்பா மேல், மாமன் மேல், நாய் மேல், திமிங்கலத்தின் மேல். பேசாமல் இருந்தால் போதும், மாலைக்குள் மாமன் எப்படியும் எடுக்கவைத்துவிடுவார், பட்டம் வரும். பேசினால் பதினோரு வருடத்தில் அவன் சம்பாதித்த ஒரே நல்ல பேர் இந்த வாசலிலேயே போய்விடும். அப்பாவின் மானமும் சேர்ந்து போகும். இதுதான் கணக்கு, தெளிவான கணக்கு. ஆனால் இடுக்கு வழியாக எதிரே இருந்தவனின் இடது கை தெரிந்தது. மடியில், மற்றவர்கள் குடையை வைப்பது மாதிரி, அவன் அதைத் தூக்கி எடுத்து வைத்துக்கொண்டான். சௌமனிக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"பந்து போயிடுச்சு" என்றான்.

"என்ன?" என்றான் அலபாதி.

"டேய்!" என்றார் அப்பா.

"பந்து உன் கையில இல்ல. நீ குடுத்துட்ட."

உள்ளே அடுப்பங்கொட்டகையிலிருந்து ஒரு கிழவி, "என்ன சொல்றான்? பாய்க்குள்ள இருந்து ஒண்ணும் கேக்கல" என்றாள்.

"சத்தமா சொல்லு" என்றான் அலபாதி. "அத்தைக்குக் கேக்கலையாம்."

சௌமனி இருந்த இடத்திலிருந்தே கத்தினான், மைதானத்தில் கத்துவது மாதிரி. "பந்து அவன் கையில இல்ல! அவன் சரியாதான் பாஸ் பண்ணான்! நான் பாத்தேன்! எனக்கு நிறுத்த நேரம் இருந்துச்சு, நான் நிறுத்தல! விசாரணையில பொய் சொன்னேன்!"

நாய் பயந்து எழுந்து ஓடிவிட்டது. கோல் கூழாங்கல்லில் விழுகிற சத்தம் கேட்டது. அப்பா குரல் பக்கத்திலிருந்து, தணிந்து வந்தது. "எங்கிட்ட சொன்னியாடா நீ?"

"இல்லப்பா."

"சந்தையில நின்னு நான் எத்தன பேர்கிட்ட..." வாழ்நாளில் முதல்முறையாகப் பேச்சாளருக்குப் பேச்சு வரவில்லை.

ஆனால் சுவரில்லாத ஊரில் மீதி வேலையை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அலபாதியின் தங்கை துலிமா வீட்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டைப் பார்த்து, "கேட்டுச்சா? பந்து கையில இல்லையாம்!" என்று குரல் கொடுத்தாள். எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அடுத்த வீட்டுக்குச் சொன்னாள். அங்கிருந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிற்று. "யாரு கையில இல்ல?" "அலபாதி கையில!" "அவனே சொன்னானா?" "பாய்க்குள்ள இருந்துகிட்டே சொன்னான்!" குரல் வீடு வீடாகக் கோயில் வரை போய், தாமதமாகப் புரிந்துகொண்ட யாரோ ஒருவரிடமிருந்து, "அப்ப இத்தன நாளா நாம சொன்னது?" என்று திரும்பி வந்தது. இந்தச் செய்தி ரோட்டோடு மத்தியானத்துக்குள் ஃபலேசினாவுக்குப் போய்விடும், பெரியத்தை காதுக்கும் போய்விடும்.

அலபாதி எழுந்து வந்து பாயைப் பிடித்தான். இடது கையால் பிடித்தான். விரல் மடங்கவில்லை, பாய் நழுவியது. மறுபடி பிடித்தான், மறுபடி நழுவியது. மாமன் உதவிக்கு வந்தார். "விடுங்க மாமா" என்றான். மூன்றாம் முறை பாயை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு இழுத்தான். வெளிச்சம் சௌமனியின் கண்ணில் அறைந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அலபாதிக்குக் காதோரம் நரைத்திருந்தது.

"மன்னிச்சேன்னு நான் இன்னும் சொல்லல" என்றான் அலபாதி. கண்ணைத் துடைத்துக்கொண்டே எரிந்து விழுந்தான். "அத அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல உள்ள வா, கோக்கோ ஆறிப்போச்சு."

"எந்திரிக்க முடியலடா. முட்டி ரெண்டும் போச்சு."

"நல்லா வேணும்."

சௌமனி இரண்டு கையையும் கூழாங்கல்லில் ஊன்றிக்கொண்டு, பாதி எழுந்து, அப்படியே நின்றான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தான். திறந்த வாய் அழுகையில் கோணியது. அலபாதி தலையிலடித்துக்கொண்டான்.

"ஒம்போது வருஷம்டா, மடையா. பஸ்ல வந்தா இருபது நிமிஷம்."